இருக்கட்டும் தம்பி

"அண்ணே, இந்த வரி இருக்கட்டுமா?"

"இருக்கட்டும் தம்பி, பீட்டுல நல்லா உக்காருது."

இவ்வளவுதான் பேச்சு. ஹெட்போனைக்கூட நான் கழற்றவில்லை.

செராக்ஸ் கடைப் பெண்ணைக் கிண்டல் செய்யும் வரி அது. பாடியவர்கள் நாலு பையன்கள், ராப் குழு. ஒரே மாதத்தில் கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி வரை மினி பஸ், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லா இடத்திலும் அந்தப் பாட்டுதான். அப்புறம் எதிர்ப்பு வந்தது, மன்னிப்பு வீடியோ போட்டார்கள். எங்கள் தெருவில் இருப்பது ஒரே செராக்ஸ் கடை. அங்கிருந்த பெண் வேலையை விட்டு நின்றுவிட்டாள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்றார் கடைக்காரர். நம்பினேன். நம்புவதுதான் எனக்கு வசதி.

நான் ஒலிப்பதிவாளன். வரிக்கு நான் எப்படிப் பொறுப்பு? அம்மன் பாட்டும் இதே மைக்கில்தான் பதிவாகிறது. ஆனால் இருக்கட்டுமா என்று கேட்ட பையன் தாளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தாளத்தில் அவனுக்கு என்றைக்குமே சந்தேகம் வந்ததில்லை.

சோர்ந்துபோய் வந்த பையன்களிடம் பீஸ்டி பாய்ஸ் என்ற அமெரிக்க ராப் குழுவின் கதையைச் சொன்னேன். 1986இல் வந்த அவர்கள் ஆல்பம்தான் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் ராப் ஆல்பம். பெண்களை மட்டமாகப் பாடியதற்குத் திட்டும் கிடைத்தது. 1989இல் பழைய இசைத்தட்டுகளிலிருந்து வெட்டி ஒட்டி அடுத்ததைச் செய்தார்கள்; முதலாவது அளவுக்கு விற்கவில்லை, கொண்டாட்டமெல்லாம் பிறகுதான். 1992 ஆல்பத்தில் கிடாரும் டிரம்ஸும் தாங்களே வாசித்தார்கள். 1994இல் அவர்களில் ஒருவரான ஆடம் யாவ்க், பெண்களை அவமதிப்பது போதும் என்று பாட்டுக்குள்ளேயே சொன்னார். அவர்களுக்கு எட்டு வருஷம் ஆயிற்று என்று பையன்களிடம் சொன்னேன். எனக்கே சொல்லிக்கொண்டேனோ என்னவோ.

புதுப் பாட்டுக்குத் தவில்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். மேட்டூர் தண்ணீர் வந்த சமயம், குடமுருட்டி ஆற்று மதகில் ஷட்டர் ஏறும் கரகரப்பைப் போனில் பதிந்து வந்து அதன்மேல் தாளம் கட்டினார்கள். பழைய பாட்டைவிட எவ்வளவோ மேல். கேட்டவர்கள்தான் குறைவு. அந்தப் பையன் இப்போது வரிகளை வீட்டிலேயே முடித்துக்கொண்டு வருகிறான். என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

போன வாரம் ஒரு மைக்செட்காரர் பழைய பாட்டைக் கேட்டார். அந்த வரியை வெட்டிப் பார்த்தேன். அந்த இடத்தில் தாளம் தடுக்கியது. இரண்டு முறை ஒட்டிப் பார்த்தேன், சரியாகவில்லை. கடைசியில் முழுசாகவே அனுப்பிவிட்டேன்.