நம்பர் போட்டாச்சில்லா, பொறவென்ன?

பாளையங்கோட்டைல வக்கீல் ஆபீஸ்ல வேல பாக்கேன், கோர்ட்டு பக்கம் டீ குடிக்கப் போனா அடிக்கடி காதுல விழுத பேச்சு இது, "நம்ம பத்திரத்துக்கு வா.சா.ஆ. 3னு நம்பர் போட்டாச்சில்லா, இனி கேஸு நம்ம பக்கந்தான்". வா.சா.ஆ.ன்னா வாதி தரப்புச் சான்றாவணம், அந்த நம்பர் அடையாளத்துக்குத்தான் அண்ணாச்சி. கையெழுத்து இன்னாரு போட்டதுதான்னு ஒருத்தர் கூண்டேறிச் சொல்லணும், கிராஸ்லயும், அதான் எதிர்தரப்பு வக்கீலோட குறுக்கு விசாரணைலயும், தாக்குப்பிடிக்கணும். அதுக்காக எதிர்தரப்பும் அசந்துரக்கூடாது, ஜெராக்ஸுக்கு நம்பர் போட்டு மார்க் பண்ணும்போது வாயத் தொறக்காம இருந்துட்டு பொறவு அப்பீல்ல போயி ஒரிஜினல் எங்கன்னு கேட்டா எடுபடாது, 2003லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு.

உயில் கேஸ்தான் ரொம்பப் பாவம். ரிஜிஸ்தர் பண்ணிருந்தாலும் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் உயிரோட இருந்தா ஒருத்தரயாவது கூட்டியாந்து, தாத்தா கையெழுத்துப் போட்டத நான் பாத்தேன், அவரு முன்னாடி நானும் போட்டேன்னு சொல்ல வைக்கணும். நம்மாளுவ என்ன செய்யுதாவன்னா எழுபது வயசு தாத்தா உயிலுக்கு எழுபத்தஞ்சு வயசு சேக்காளிய சாட்சி போடுதாவ! ரெண்டு பேரும் போய்ச் சேந்த பொறவு கையெழுத்து அவுகளதுதான்னு காட்ட பழைய கையெழுத்தத் தேடி அலையணும். முப்பது வருசப் பத்திரம்னா கோர்ட்டே சரின்னு எடுத்துக்கிடலாம், ஆனா உயிலுக்கு அந்தச் சலுகை கெடையாது.

இப்ப புதுத் தலவலி வாட்சப்பு. ஒருத்தர் கடன் வாங்குனவன் அனுப்புன மெசேஜ கலர் பிரிண்ட் எடுத்து லேமினேஷனும் போட்டுக் கொண்டாந்தாரு. செல்லு எங்கய்யான்னா, எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டாராம். அந்தச் செல்லயே கோர்ட்டுல வச்சு இது என் செல்லுதான்னு அவரே சாட்சி சொல்லிருந்தா சர்டிபிகேட்டே வேண்டாம். பிரிண்டுன்னா புதுச் சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷிய அதிநியம்) 63ம் பிரிவுப்படி சர்டிபிகேட் வேணும், ஏ பார்ட் நாம, பி பார்ட் எக்ஸ்பர்ட், ரெண்டுலயும் ஹேஷ் வேல்யூ, அதான் அந்த ஃபைலோட கைரேகை மாதிரியான கோடு, எழுதணும். போட்டோவ இவனுக்கு அவனுக்குன்னு வாட்சப்புல தள்ளிவிட்டு அது சுருங்கிட்டுன்னா ஹேஷும் மாறிரும், அதனால மொதல்ல எடுத்த ஃபைல அழிக்காதீங்க.

"போலீஸ்லயே ஒத்துக்கிட்டானே"ன்னும் வருவாக. விசாரணைல போலீஸ் எழுதிக்கிடுத வாக்குமூலம் கோர்ட்டுல மாத்திப் பேசுனா மடக்கத்தான் உதவும், குத்தத்த ஒத்துக்கிட்டதா போலீஸ்ட்ட சொன்னது அவனுக்கு எதிரா நிக்காது.

2024 ஜூலை 1க்கு முந்தியே நடந்துட்டு இருந்த கேஸுன்னா பழைய 1872 சாட்சியச் சட்டந்தான், அதுல 65பி சர்டிபிகேட். உங்க கேஸு எந்த வருசம்னு பாத்துட்டு வக்கீல்ட்ட கேளுங்க.