டேப் எங்கே வைக்கிறோம் என்பதுதான்

ஜூன் 3
உடல் பருமனைக் கணிக்க, உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண் பி.எம்.ஐ. அந்தக் கணக்கு பிசகுவது பெரும்பாலும் உயரத்தில்தான். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். 1.60 மீட்டர், 72 கிலோ என்றால் 28.1. உயரத்தை அளக்காமல், நோயாளி சொன்ன 1.65-ஐ எழுதிக்கொண்டால் 26.4. ஆசியர்களுக்கு 23-இல் சர்க்கரை, இதய நோய் ஆபத்து தொடங்குகிறது, 27.5-இல் அது கூடுதல். ஐந்து சென்டிமீட்டர் அந்த எல்லையையே தாண்டவைத்துவிடுகிறது. செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகால் சுவரில் படும்படி நிறுத்தி அளந்துவிடுவதே மேல்.

ஜூன் 5
பி.எம்.ஐ.யைவிட வயிற்றுச் சுற்றளவு அதிகம் சொல்லும். ஆனால் அளக்கும் இடம் தொப்புள் அல்ல. வயிறு தொங்கினால் தொப்புளும் சேர்ந்து இறங்கிவிடும். கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் பக்கவாட்டில் விரலால் தடவிக் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்ற வேண்டும். துணிக்கு மேல் கூடாது. முதுகுப் பக்கம் டேப் சரிந்திருக்கிறதா என்று பின்னால் போய்ப் பார்க்கவும், அநேகமாகச் சரிந்துதான் இருக்கும். இயல்பாக மூச்சை வெளியே விட்டு முடிக்கும்போது எண்ணைப் படிக்க வேண்டும். "அளக்கப் போகிறேன்" என்றதும் வயிற்றை எக்காதவர் இல்லை. பேச்சுக் கொடுத்தால் தானாகத் தளரும்.

தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. எண் மறந்துபோனால், உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். கர்ப்பிணிகளுக்கும் வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் இந்த அளவு செல்லாது.

வயிறு ஏன் இவ்வளவு முக்கியம்? குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து வெளியேறும் கொழுப்பு அமிலங்களில் பெரும்பங்கு குடலிலிருந்து இரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரலில் கொழுப்பு படிகிறது, இன்சுலினுக்கு அது பணிய மறுக்கிறது, ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பும் சர்க்கரையும் ஏறுகின்றன. தொடையில் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு இவ்வளவு சேட்டை செய்வதில்லை.

ஜூன் 8
எடை கூடியதற்குக் காரணம் தேடும்போது முதலில் மாத்திரைச் சீட்டைப் பார்க்க வேண்டும். பிரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு), ஓலான்சபின் (மனநோய்க்கு), வால்ப்ரோயேட் (வலிப்புக்கு), மிர்டாசபின் (மனச்சோர்வுக்கு), சர்க்கரைக்கான இன்சுலின், கிளிமிபிரைடு எல்லாமே எடையைக் கூட்டக்கூடியவை. கூட்டுகிறதே என்று ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

தைராய்டின் மேல் தேவைக்கு மேல் பழி விழுகிறது. அது குறைந்தால் ஏறுவது சில கிலோதான், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். இருபது கிலோவுக்கு வேறு காரணம் தேடவேண்டும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமான ஊதா நிறக் கோடுகள், லேசாகப் பட்டாலே கன்றிப்போகும் தோல், உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியாத தொடைத் தளர்ச்சி இருந்தால் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் மிகுந்திருக்கிறதா என்று பரிசோதனை தேவை. குழந்தை எடை கூடியும் உயரம் வளராமல் நின்றால் அதுவும் ஹார்மோன் சந்தேகம்தான். மிகுதியாகச் சாப்பிட்டுப் பருத்த குழந்தை வழக்கமாக வயதுக்கு மீறி உயரமாகவே இருக்கும்.

ஜூன் 12
பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் இரத்த அழுத்தம் பொய்யாக ஏறிக் காட்டும். குறட்டை, பகல் தூக்கம், கட்டுப்படாத அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பார்க்கவும். இரத்தத்தில் ஏ.எல்.டி. என்ற கல்லீரல் நொதி சரியாக இருக்கிறது என்பதற்காகக் கல்லீரல் சுத்தம் என்று எழுதிவிடக் கூடாது.

எடையில் 5 சதவீதம் குறைந்தாலே சர்க்கரை இறங்கத் தொடங்கும். அப்போது இன்சுலின், கிளிமிபிரைடு அளவையும் மருத்துவர் குறைத்தாக வேண்டும், இல்லையேல் தாழ்சர்க்கரை வரும்.