பேசினுக்குள் ஒரு மலை

பள்ளிக்கூட நினைவு ஒன்று எழுதித் தாருங்கள் என்று பழைய மாணவர் சங்க மலர்க் குழு கேட்டபோது முதலில் தட்டிக்கழிக்கத்தான் பார்த்தேன். பிக் மட்ச், இல்ல விளையாட்டுப் போட்டி, மணி அடித்த அப்பு, மதிலேறிப் பாய்ந்த கதை எல்லாவற்றையும் எனக்கு முந்தியவர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். என் பங்குக்கு மிஞ்சியிருப்பது ஓர் அலுமினியப் பேசினும் அரை உருளைக்கிழங்கும்தான். அதையும் ஞாபகத்துக்குக் கொண்டுவந்தது இங்கிலாந்தின் வடக்கே இருக்கிற ஒரு மலை.

பத்தாம் வகுப்பில் சமவுயரக் கோடு, அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்து வரைபடத்தில் கீறும் கோடு, படிப்பிக்கப் புவியியல் சேர் வந்த நாள் அது. எங்களில் முக்கால்வாசிப் பேர் அதுவரை மலையைக் கண்ணால் கண்டதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏது மலை? கீரிமலை என்று பெயரில் ஒன்று உண்டு. போய்ப் பார்த்தால் கடலும் கேணியும்தான். சேர் மேசையில் பேசினை வைத்தார். பாதியாக வெட்டிய உருளைக்கிழங்கை அதற்குள் கவிழ்த்து வைத்தார். அடிமட்டத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அரைச் சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் முட்டிய இடத்தைச் சுற்றிக் குண்டூசியால் ஒரு கீறு கீறினார். பிறகும் அரைச் சென்ரிமீற்றர் தண்ணீர், பிறகும் ஒரு கீறு. கிழங்கு முழுதாக மூழ்கும்வரை இதே வேலை. பிறகு தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு, "வாங்கில ஏறி நிண்டு மேலயிருந்து பாருங்கோ" என்றார். வாங்கில் (பெஞ்சில்) ஏறினால் அடிவிழுகிற பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியாரே ஏறச் சொன்னது அன்றைக்கு மட்டும்தான்.

மேலிருந்து பார்க்க, வளையத்துக்குள் வளையமாகக் கோடுகள். கிழங்கின் ஒரு பக்கம் சரிவு. அங்கே கோடுகள் விலகி விலகிக் கிடந்தன. மற்றப் பக்கம் செங்குத்து. அங்கே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. "கோடு நெருங்கினால் அங்க காலை வைக்க முதல் மூளையை வையுங்கோ" என்றார் சேர். நாங்கள் சிரித்தோம். மலையே இல்லாத ஊரில் எந்தக் காலை எங்கே வைப்பது?

முப்பது வருசத்துக்கு மேல் கழித்து, 2013ஆம் ஆண்டு ஈஸ்டருக்கு, எங்கள் வகுப்பில் நாலு பேரும் கப்டனின் மகளுமாக, வடமேற்கு இங்கிலாந்தில் மலையும் ஏரியுமாகக் கிடக்கும் லேக் டிஸ்ரிக்ட் போனோம். கப்டன் என்றால் எங்கள் காலத்துக் கிரிக்கெட் கப்டன். ஐம்பது வயதிலும் அவன் எங்களுக்குக் கப்டன்தான். மற்றவன் டாக்குத்தர். மூன்றாமவன் முன்வாங்கான். வகுப்பில் ஆகக் கட்டையானவன் என்பதால் ஐந்து வருசமும் முன்வாங்கிலேயே இருந்து அந்தப் பெயரை வாங்கினவன். லெஸ்டரில் கணக்காளனாக இருக்கும் இந்தப் பிராணி பதினைந்து வருசமாக வெள்ளைக்காரரோடு சேர்ந்து மலை ஏறிக்கொண்டிருந்த விசயம் எங்கள் ஒருவருக்கும் தெரியாது. சங்க விருந்துகளில் கேட்டால் "வீக்கெண்ட்ல கொஞ்சம் நடப்பன்" என்பான். பார்க்கில் நடக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பெரிய வெள்ளி, உயிர்த்த ஞாயிறு, அடுத்த திங்கள் என்று நாலு நாள் சேர்ந்தாற்போல் கிடைப்பது இந்நாட்டில் ஈஸ்டருக்குத்தான். மார்ச் 21 அல்லது அதற்குப் பின் வரும் பூரணை கழிந்த முதல் ஞாயிறு ஈஸ்டர். ஆகவே அது மார்ச் 22இலும் விழலாம், ஏப்ரல் 25இலும் விழலாம். அந்த வருசம் மார்ச் 31. எங்கள் கணக்கில் சொன்னால், பங்குனி உத்தரம் முடிந்த கையோடு. கலண்டரில் வசந்தம். வெளியில் நடந்ததோ வேறு. 1962க்குப் பிறகு பிரித்தானியா அப்படியொரு குளிரான மார்ச்சைக் கண்டதில்லை. ஈஸ்டர் ஞாயிறு அதிகாலை ஸ்கொட்லாந்தின் பிரேமாரில் பூச்சியத்துக்குக் கீழே 12.5 பாகை. லேக் டிஸ்ரிக்ட் இருக்கும் கம்பிரியாவில் ஒரு வாரத்துக்கு முன் கொட்டிய பனி, நாங்கள் போனபோதும் கல்மதில்களின் ஓரம் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. சில இடங்களில் மதிலே தெரியவில்லை.

தங்கியது கிளென்ரிடிங் ஊருக்கு மேலே கிரீன்சைட்டில் உள்ள இளைஞர் விடுதியில். அது 1962இல் மூடப்பட்ட பழைய ஈயச் சுரங்கத்தின் கட்டடம். சனி காலை அதன் வாசலில் முன்வாங்கான் எங்களை வரிசையாக நிறுத்தி உடுப்பைப் பரிசோதித்தான். பள்ளிக்கூடத்தில் மாணவ தலைவர்கள் எங்களுக்குச் செய்ததை முன்வாங்கான் அன்றைக்குக் கப்டனுக்குச் செய்தான். கப்டன் தோல் ஜக்கெற்றில் நின்றான். டாக்குத்தர் ஜீன்ஸில். "நீயெல்லாம் டாக்குத்தரோடா" என்று முன்வாங்கான் தலையில் கைவைத்தான். பருத்தி நனைந்தால் தண்ணீரை விடாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூடு தரும். இது மருத்துவக் கல்லூரியில் படித்தவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வேறு காற்சட்டை இல்லை. மாலையில் திரும்பியபோது அவனுடைய ஜீன்ஸ் முழங்காலுக்குக் கீழே பலகைபோல விறைத்து, நடக்க நடக்கத் தட்டிச் சத்தம் போட்டது.

கப்டனின் மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. பள்ளியில் எடின்பரோ கோமகன் விருதுக்காகக் கூடாரம் சுமந்து நடந்த பிள்ளை. எங்கள் தண்ணீர்ப் போத்தல்களை வாங்கித் தலைகீழாகப் பைக்குள் செருகினாள். "ஐஸ் மேல இருந்துதான் கட்டும் மாமா. கவிட்டு வைச்சால் மூடிப் பக்கம் தண்ணியாவே இருக்கும்." அரை நூற்றாண்டு தண்ணீர் குடித்தவர்களுக்கு இது தெரியவில்லை.

எங்கள் குறி ஹெல்வெலின். 950 மீற்றர், இங்கிலாந்தில் மூன்றாவது உயரம். பனிக்காலம் முழுக்க ஒவ்வொரு நாளும் ஒருவர் அதன் உச்சிக்கு ஏறி, பனி எவ்வளவு, காற்று எவ்வளவு, எங்கே வழுக்குகிறது என்று அறிக்கை எழுதுகிறார். தேசியப் பூங்கா அதற்கென்றே ஆள் வைத்திருக்கிறது. அப்போது இருவர் மாறி மாறி ஏறினார்கள். அப்படி ஒரு உத்தியோகம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். முன்வாங்கான் அந்த அறிக்கையை இரவே வாசித்திருந்தான். உச்சியை ஒட்டிய முனைகளில் ஏற ஆளுக்கொரு பனிக்கோடரியும் சப்பாத்தில் பூட்டும் கிராம்பன் முள்ளும் வேண்டும், அவை தன்னிடம் மட்டும்தான் உண்டு, ஆகவே ரெட் டார்ன் குளம் வரைக்கும் போவோம், பிறகு பார்ப்போம் என்றான். "பிறகு பார்ப்போம்" என்று அவன் சொன்னதைக் கப்டன் "பிறகு ஏறுவோம்" என்று கேட்டுக்கொண்டான் போலிருக்கிறது.

ஓடைக்கரையோரம் ஏறினோம். முதல் அரை மணித்தியாலம் வேர்த்தது. ஜக்கெற்றைக் கழற்றச் சொன்னான் முன்வாங்கான். குளிரில் கழற்றுவதா என்று முனகினோம். வேர்வை உள்ளே நனைத்துவிட்டால் நின்ற மறுகணம் அதுவே குளிராகும் என்றான். மேலே போகப் போகக் காற்று கிழக்கிலிருந்து முதுகை அறைந்தது. பூச்சியத்துக்குக் கீழே 5 பாகையில் மணிக்கு 40 கிலோமீற்றர் காற்று வீசினால் தோலுக்கு அது பூச்சியத்துக்குக் கீழே 14 பாகை மாதிரி. எனக்குப் படித்துத் தெரிந்த கணக்கு அன்று காதுமடலில் தெரிந்தது.

ஒரு கற்குவியலின் பக்கத்தில் மகள் எங்களை நிறுத்தினாள். கல்லின் ஒரு பக்கம் முழுக்க வெள்ளை இறகுகள் முளைத்திருந்தன. விரல் நீளம், கோழியிறகின் நரம்புபோல வரிவரியாக. முகிலுக்குள் இருக்கும் நீர்த்துளி கல்லில் பட்டதும் உறைந்து அப்படி வளருமாம். நான் காற்றடிக்கிற திசைக்கு வால் நீட்டியிருக்கும் என்று நினைத்தேன். நேர்மாறு. காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் பார்த்துத்தான் அது வளரும். தொட்டேன், கண்ணாடி நொறுங்குகிற சத்தத்தில் உதிர்ந்தது. தொட்டதற்கு இன்றும் கவலைதான்.

ரெட் டார்ன் 718 மீற்றரில் இருக்கிறது. குளம் உறைந்து, மேலே பனி மூடி, எது கரை எது தண்ணீர் என்று தெரியாமல் கிடந்தது. குளத்துக்குப் பின்னால் சுவர்மாதிரி ஹெல்வெலின். இடப்பக்கம் ஸ்ட்ரைடிங் எட்ஜ், வலப்பக்கம் ஸ்விரல் எட்ஜ் என்று இரண்டு கத்திமுனைகள். உச்சி விளிம்பில் பனி கூரைபோல வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மேலே நடப்பவனுக்கு அது நிலம். கீழே நின்று பார்ப்பவனுக்குத்தான் அடியில் ஒன்றுமில்லை என்று தெரியும். 1805 ஏப்ரலில் இந்த மலையில் தனியே நடந்த ஓர் இளைஞனின் உடல் யூலையில் இந்தக் குளத்துக்கு மேலேதான் கிடைத்தது. மூன்று மாதமும் அவனுடைய நாய் பக்கத்திலேயே இருந்ததாம். ஆங்கிலக் கவிஞர்கள் நாயைப் பாடினார்கள். அவன் போனதும் வசந்தத்தில்தான் என்பதை முன்வாங்கான் வேண்டுமென்றே இரண்டு தரம் சொன்னான்.

கப்டனுக்கு அது ஏறவில்லை. "இவ்வளவு தூரம் வந்திட்டுத் திரும்புறதோ? 1926இல ஒருத்தன் இந்த உச்சியில ஏரோபிளேனே இறக்கியிருக்கிறான். கல்லு நட்டிருக்காம். நாங்கள் நடந்து ஏறேலாதோ?" இதை எங்கே வாசித்தானோ தெரியாது, ஆனால் உண்மை. அந்த வருசம் டிசம்பரில் இரண்டு பேர் ஒரு சிறு விமானத்தை அங்கே இறக்கி, திருப்பிக் கொண்டும் போயிருக்கிறார்கள்.

முன்வாங்கான் சத்தம் போடவில்லை. கையுறையோடு வரைபடத்தை விரித்தான். பிரித்தானிய வரைபட நிறுவனமான ஓர்ட்னன்ஸ் சேர்வேயின் ஒன்றுக்கு இருபத்தையாயிரம் அளவு. பத்து மீற்றருக்கு ஒரு கோடு. காற்றில் படபடத்த மூலையை நான் பிடித்தேன். உச்சியைச் சுட்டினான்: அங்கே கோடுகள் விலகிக் கிடந்தன. "ஏரோபிளேன் இறங்கினது இதில. மொட்டையாய் இருக்கு." பிறகு உச்சிக்கும் குளத்துக்கும் இடையில் விரலை வைத்தான். ஒரு பெருவிரல் அகலம்கூட இல்லாத இடத்துக்குள் இருபத்துமூன்று கோடுகள், பாறைக் குறிகளோடு ஒன்றுக்குமேல் ஒன்றாக. "எண்ணிப் பார். பத்தாம் வகுப்பில சேர் காட்டினவர், ஞாபகமிருக்கோ? ஏறலாம் மச்சான். இறங்கத்தான் ஏலாது."

கப்டன் குனிந்து பார்த்தான். கொஞ்ச நேரம் எண்ணினான் என்று நினைக்கிறேன். பிறகு நிமிர்ந்து, "அது சிரட்டையெல்லோ?" என்றான்.

"எது?"

"சேர் பேசினுக்க வைச்சது. தேங்காய்ச் சிரட்டை."

718 மீற்றர் உயரத்தில், உறைந்த குளத்தின் கரையில், கண்ணில் தண்ணீர் வரும் காற்றில் நாலு கிழவர்கள் சண்டை பிடிக்கத் தொடங்கினோம். நான் உருளைக்கிழங்கு என்றேன். டாக்குத்தர் பாதி மாங்காய் என்றான். சிரட்டை மிதக்குமே, பேசினுக்குள் எப்படி நிற்கும் என்று நான் கேட்க, "உள்ளுக்குக் கல்லு வைச்சவர்" என்று கப்டன் கூசாமல் அடித்துவிட்டான். மகள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். இறங்கத் தொடங்கி அரை மணித்தியாலம் போயும் சண்டை ஓயவில்லை. திரும்பி வருகிறோம் என்பதே கப்டனுக்கு மறந்துபோயிற்று.

ஞாயிறு காலை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளும் நாள். டாக்குத்தர் தன் பழைய நேரத்துக்கு எழும்பியதில் பிந்திப் புறப்பட்டோம். அன்று கெப்பல் கோவ் பக்கத்து வளைந்து வளைந்து போகும் பாதையால் வைட் சைட் என்ற 863 மீற்றர் மேட்டுக்கு. கோடுகள் விலகிய பாதை. பனி கணுக்கால் வரை புதைந்தது; ஆனால் ஏறினோம். மேலே நின்று தெற்கே ஹெல்வெலினைப் பார்த்துக்கொண்டிருக்கையில் பனிப்புகார் இறங்கியது. ஐந்து நிமிசம் இருக்காது. தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை. ஏற்றமா இறக்கமா என்றுகூடக் கண்ணுக்குப் பிடிபடவில்லை. நேராக நின்றும் விழப்போவதுபோல் தலை சுற்றியது.

கப்டன் தன் பழைய விசிலை எடுத்து ஊதினான், எங்களை ஒன்றுசேர்க்கவாம். நாலாம் ஊதலில் மகள் பாய்ந்து கையைப் பிடித்தாள். "அப்பா! நிமிசத்துக்கு ஆறு தரம் ஊதினால் ஆபத்து எண்டு அர்த்தம். மீட்புக் குழு வெளிக்கிட்டிடும். அவையும் பிள்ளைகுட்டிக்காரர், சம்பளமில்லாமல் வாறவை." கப்டன் விசிலைப் பொக்கற்றுக்குள் போட்டான். அவனை யாரும் அதட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தரம்.

முன்வாங்கான் திசைகாட்டியைப் பார்த்தான். பிறகு குனிந்து ஒரு பிடி பனியை உருட்டி முன்னால் எறிந்தான். உருண்டை பத்தடிக்கு அப்பால் விழுந்து புள்ளியாக நின்றது. "நிலம் இருக்கு" என்று அதுவரை நடந்தான். பிறகும் ஓர் உருண்டை. விழுந்த உருண்டை கண்ணுக்குத் தெரியாமல் போனால் அங்கே நிலம் இல்லை என்று அர்த்தம். இப்படி எறிந்து எறிந்தே பாதையின் தலைப்பைப் பிடித்தோம். நான் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஐந்து வருசம் நாங்கள் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் படித்தோம். பின்வாங்குகளிலிருந்து அவன் தலையில் சோக் கட்டி எறிந்தவர்களில் நானும் ஒருவன். அதை அன்று சொல்ல நினைத்துச் சொல்லவில்லை.

ஹெல்வெலின் உச்சியில் நாங்கள் இன்னும் கால் வைக்கவில்லை. 2024இலும் ஈஸ்டர் மார்ச் 31இல்தான் வந்தது. அன்றும் மணிக்கூடு மாறிய நாள். கப்டன் வட்ஸ்அப்பில் அழைப்பு விட்டான். இப்போது அவனிடம் நல்ல ஜக்கெற் இருக்கிறது, முழங்கால்தான் இல்லை.

சேர் இன்று இல்லை. கேட்டுத் தீர்க்க வழியில்லை. எங்களோடு அந்த வகுப்பில் இருந்தவர்கள் கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ இதை வாசித்தால், பேசினுக்குள் இருந்தது என்னவென்று மலர்க் குழுவுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். முன்வாங்கானைக் கேட்டோம். அவன் இருந்த இடத்திலிருந்து மேசையின் விளிம்பு மட்டும்தான் தெரிந்ததாம். வாங்கில் ஏறியபோதும் முன்னால் கப்டன் மறைத்துக்கொண்டு நின்றானாம்.