லென்ஸைத் திருப்பிப் போட்ட பாக்ஸ் கேமராவும் ஒரு ஏரிக்கரையும்

இந்தத் தடவை மலைக்குக் கிளம்பும்போது டிஜிட்டல் கேமராவ எடுத்துக்கவே இல்ல. பையில இருந்தது கோடக் பிரௌனி ஹாக்ஐ ஃப்ளாஷ் மட்டும்தான். 1950லேர்ந்து 1961 வரைக்கும் வந்த பேக்கலைட் (பழைய காலத்து கெட்டி பிளாஸ்டிக்) பெட்டி, ஃபோகஸ் மாத்த முடியாது, வெளிச்சம் உள்ள வர்ற ஓட்டையான அபர்ச்சரையும் மாத்த முடியாது, ஷட்டருக்கும் சாதாரணமா ஒரே ஸ்பீடுதான். ஆனா என்னோடது அப்படியே பழைய மாதிரி இல்ல, லென்ஸ கழட்டி முன்பின்னா திருப்பிப் போட்டு வச்சிருக்கேன்.

அந்தச் சின்ன மாத்தம் என்ன பண்ணுதுன்னா, இதுல இருக்கறது ஒத்தை மெனிஸ்கஸ் லென்ஸ், ஒரு பக்கம் குழி, இன்னொரு பக்கம் மேடு, படம் ஓரம் வரைக்கும் ஓரளவு தெளிவா விழணும்னு கணக்குப் போட்டு வச்சிருப்பாங்க, அதத் திருப்பினா நடுவுல மட்டும் தெளிவு நிக்கும், சுத்தி இருக்கறது எல்லாம் கரைஞ்சு சுழல ஆரம்பிச்சிடும். ஃபோகஸும் கிட்ட வந்துடும், நாலஞ்சு அடிக்குள்ள இருக்கறதுதான் நல்லா வரும். ஃபோன் ஃபில்டர்ல ஓரத்த மங்கலாக்கறதோட இத தயவுசெஞ்சு ஒப்பிடாதீங்க, இங்க வெளிச்சமே வளைஞ்சு வந்து ஃபிலிம்ல விழுது.

காலைல ஏரிக்கரைக்கு வந்தப்ப எதிர்க்கரையே தெரியல, அவ்வளவு பனி. கேமராவ வயித்துக்கிட்ட வச்சு மேலேர்ந்து குனிஞ்சு பாக்கணும், வ்யூஃபைண்டர்ல இடது வலமா தெரியும், படகு இடப்பக்கம் நகர்ற மாதிரி இருந்தா நிஜத்துல வலப்பக்கம் போகுது. மலை, ஏரி, வானம் எல்லாத்தையும் ஒரே ஃப்ரேம்ல அடக்கற ஆசைய இந்த கேமராகிட்ட விட்டுடணும். நான் கரையில கட்டியிருந்த ஒரு படகோட கயித்து முடிச்சுக்குக் கிட்டப் போனேன், நார் நாரா பிரிஞ்ச கயிறு, அதுல கோத்து நின்ன தண்ணித்துளி. மூச்ச அடக்கிட்டு பட்டன அழுத்தினேன்.

அப்புறம் குமிழத் திருகணும், பின்னாடி சிவப்பு ஜன்னல்ல அடுத்த நம்பர் மெதுவா ஏறி வந்து நிக்கும். மொத்தமே 12 படம், சதுரம். திருக மறந்தா அதே ஃப்ரேம் மேலயே அடுத்த படமும் விழும், இந்தப் பெட்டி தடுக்காது, வேணும்னே அப்படி எடுக்கறவங்களும் உண்டு.

ஃபிலிம் விஷயம் மட்டும் தெரிஞ்சு வச்சுக்கங்க. இது 620ங்கற அளவு ஃபிலிம் போடற கேமரா, அந்த ஃபிலிம கோடக் 1995ல நிறுத்திட்டாங்க. 120 ஃபிலிமும் அதே அகலம்தான், அத சுத்தியிருக்கற உருளை, அதாவது ஸ்பூல்தான் பெருசு, அதனால இருட்டுல 620 ஸ்பூலுக்கு மாத்திச் சுத்திக்கலாம். பனிக்கு, கம்மி வெளிச்சத்துலயும் படம் புடிக்கற 400 ஸ்பீடு (ISO) ஃபிலிம் போட்டேன், நல்ல வெயில்னா 100 போதும்.

டெவலப் பண்ணி வந்ததுல கயித்து முடிச்சு படம்தான் எனக்கு உசுரு. முடிச்சுல ஒவ்வொரு நாரும் தெரியுது, படகும் தண்ணியும் சாம்பல் நிறத்துல ஒண்ணோட ஒண்ணு கலந்துபோயிருக்கு. மலைத்தொடர எடுத்தது சுமார்தான், தூரம் இதுக்கு ஒத்துவரல. நீண்ட எக்ஸ்போஷருக்கு இன்னொரு லீவர் இருக்கு, அடுத்து அருவிப் பக்கம் போய், கேமராவ ஆடாம ஒரு இடத்துல வச்சு அத முயற்சி பண்ணிப் பாக்கணும்.