கை பழகிப்போன வண்டிகள்

இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளுக்கு 3 வயது நிறைந்துவிட்டால், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை எம்.ஓ.டி. என்னும் சாலைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுவந்தாக வேண்டும். நம் ஊரில் சொந்த வண்டி 15 ஆண்டு ஓடிய பிறகுதான் முதல்முறையாக ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எஃப்.சி.க்கு நிற்கும், அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை. வடசென்னைப் பட்டறையில் தொழில் கற்று, இப்போது தெற்கு லண்டனில் எம்.ஓ.டி. சோதனையாளராக இருக்கும் எனக்கு இங்கே வந்த புதிதில் வேறொரு சங்கடம் இருந்தது. சோதனை நடக்கும்போது எதையும் கழற்றக் கூடாது என்பது விதி. கண்ணால் பார்க்கலாம், கையால் அசைக்கலாம், பிரேக்கை உருளையில் ஏற்றி அளக்கலாம். அவ்வளவுதான். பிரேக் ஷூ தேய்ந்திருக்கும் என்று உள்மனம் சொன்னாலும் டிரம்மைத் திறந்து பார்க்க முடியாது. மெக்கானிக்கின் கையைக் கட்டிவிட்டு வைத்தியம் பார்க்கச் சொல்வதுபோல் எரிச்சலாக இருக்கும். எரிச்சல் இன்னும் முழுதாகப் போகவில்லை.

பழைய வண்டி என்றால் தேறாது என்று பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவம் அப்படி இல்லை. இந்த நாட்டில் முதல் சோதனையிலேயே தோற்கும் மோட்டார் சைக்கிள்கள் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. கார்கள் இதைவிட அதிகமாகத் தோற்கின்றன. அந்தத் தோல்விகளிலும் பெரும்பங்கு விளக்கும் இண்டிகேட்டரும் தொடர்பானவை. எங்கள் பட்டறையில் அதிகம் தோற்பவை பாட்டன் காலத்து வண்டிகள் அல்ல. உணவு விநியோகத்துக்கு ஓடும் 125 சிசி ஸ்கூட்டர்களும், பத்துப் பன்னிரண்டு வயதான அலுவலக வண்டிகளும்தான். காரணம் எளிது. குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமலிருக்க உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்பிலும் ஈரத்திலும் மார்கழி முழுக்க ஓடும் வண்டியின் டிஸ்க் பிரேக் பிஸ்டன் துருவேறி இறுகிவிடும், மின் இணைப்புகள் பச்சை பூத்துவிடும். பழைய வண்டிக்காரரோ முதல் உப்பு விழுவதற்கு முன்பே வண்டியைக் கொட்டகையில் ஏற்றி, போர்வை போர்த்தி, பேட்டரிக்கு மெதுவாக மின்னேற்றம் கொடுத்து வைத்துவிடுகிறார். பங்குனி வெயில் எட்டிப் பார்த்ததும் துடைத்துப் பளபளப்பாகக் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

சட்டமும் பழைய வண்டியை அது பிறந்த காலத்தை வைத்தே அளக்கிறது. 1977 ஆகஸ்ட் 1-க்கு முன் சாலைக்கு வந்த வண்டிக்கு இண்டிகேட்டர் இருந்தாக வேண்டும் என்று கேட்க முடியாது. கையை நீட்டித் திரும்பினால் போதும். 1986 ஏப்ரல் 1-க்கு முன் வந்தது என்றால், முன் பிரேக், பின் பிரேக் இரண்டில் ஒன்றைப் பிடிக்கும்போது பின்னால் உள்ள பிரேக் விளக்கு எரிந்தாலே சரி. இதைப் பார்த்து ஸ்கூட்டர் ஓட்டும் தம்பி ஒருவன் கொதித்துப்போனான். "அண்ணா, என் வண்டியில் ஒரு பல்பு போனதற்குத் தோல்வி, அவர் வண்டியில் பல்பே இல்லை, அவருக்குத் தேர்ச்சியா?" அவன் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பிரேக் விஷயத்தில் அப்படிச் சலுகை கிடையாது. வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்த எடையில் 30 சதவீத விசையோடு ஒரு பிரேக்கும், 25 சதவீத விசையோடு மற்றதும் பிடித்தாக வேண்டும். டிரம் பிரேக் என்பதற்காக யாரும் கண்ணை மூடிக்கொள்வதில்லை.

எனக்கு ஒவ்வாத விதி டயர் பற்றியது. மோட்டார் சைக்கிள் டயரில் அகலத்தின் முக்கால் பங்குக்கு 1 மில்லிமீட்டர் பள்ளம் இருந்தால் போதும். வயதைப் பற்றிப் பேச்சே இல்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2304 என்று இருந்தால் 2004-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. ஆண்டுக்குச் சில நூறு மைல் மட்டும் ஓடும் வண்டியில் இப்படிப்பட்ட டயர் புத்தம்புதிதுபோல் பள்ளம் தேயாமல் இருக்கும். நகத்தால் அழுத்தினால் ரப்பர் அமுங்காது. மழைச் சாலையில் அது ரப்பரே அல்ல. உள்ளே இருக்கும் நூல் தெரியும் அளவுக்கு வெடிப்பு இல்லாதவரை நான் தேர்ச்சி கொடுத்தே ஆக வேண்டும். சான்றிதழில் ஓர் அறிவுரை எழுதலாம், எழுதுகிறேன். அறிவுரை யாரை என்ன செய்துவிடும்?

ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் என்ஃபீல்ட் புல்லட் கொண்டுவருவார். 1990-களின் தொடக்கத்தில் திருவொற்றியூரில் செய்து இங்கே ஏற்றுமதியானது. நான் அந்தத் தொழிற்சாலைப் பக்கத்தில் வளர்ந்தவன் என்று தெரிந்த பிறகு என்னைத் தவிர வேறு யாரிடமும் அவர் வண்டியைக் கொடுப்பதில்லை. வலப்பக்க கியர், இடப்பக்க பிரேக் எல்லாம் அப்படியே இருக்கும். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரும் வண்டிகளின் ஹெட்லைட் வலப்புறம் சாய்ந்து அடிப்பதால் சோதனையில் மாட்டிக்கொள்ளும். நம் வண்டி இடப்பக்கச் சாலைக்கே செய்தது, அந்தத் தொல்லை இல்லை. ஒயர், கேபிள், செயின் தளர்வு என்று எங்கே கைவைத்தாலும் குறை சொல்ல முடியாது.

சென்ற முறை முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஹேண்டில்பாரை இரண்டு விரலால் மெல்ல ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பினேன். நடுவில் வந்ததும் டக்கென்று ஓரிடத்தில் உட்கார்ந்தது. மீண்டும் திருப்பினேன், அதே இடத்தில் உட்கார்ந்தது. ஹேண்டில்பார் திரும்புவதற்காகக் கழுத்தில் இருக்கும் பேரிங்கான கோன் செட்டில் பள்ளம் விழுந்திருந்தது. நேராக ஓடும்போதுதான் அதன் குண்டுகள் ஒரே இடத்தில் அடிவாங்கிக்கொண்டே இருக்கும். அதனால் பள்ளமும் நட்டநடுவில்தான் விழும். வண்டி நேராகப் போகவே விரும்பும், சிறு திருத்தத்துக்கு இடம் கொடுக்காமல் தடுமாறும். பெரியவரை அழைத்து அவர் கையாலேயே திருப்பச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. "நேற்றுக்கூட ஓட்டினேனே, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்றார்.

தெரியாதுதான். ஒரே நாளில் வந்த பள்ளமாக இருந்தால் முதல் திருப்பத்திலேயே கண்டுபிடித்திருப்பார். கொஞ்சம் கொஞ்சமாக வந்ததால் கை அதற்கேற்பப் பழகிவிட்டது. பழைய வண்டியை இத்தனை அக்கறையாகப் பார்த்துக்கொள்பவருக்கு உடைந்த பொருள் உடனே கண்ணில் படும். மெல்லத் தேய்வது படாது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் தளர்வது, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் ஆடுவது எல்லாம் இந்த வகைதான். அதற்கு அந்த வண்டியை ஓட்டிப் பழகாத கை ஒன்று வேண்டும். பிரேக் டிரம்மைத் திறக்க விடாத சோதனை என்று நான் எவ்வளவு முணுமுணுத்தாலும், இந்த ஒரு வேலையை அது செய்கிறது.

இதனால்தான் 2018 மே 20 முதல் நடப்பில் உள்ள விலக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் பதிவாகி 40 ஆண்டு கடந்து, கடைசி 30 ஆண்டுகளில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிக்கு எம்.ஓ.டி. கட்டாயமில்லை. இப்படிப்பட்ட வண்டிகள் குறைவாகவே ஓடுகின்றன, நன்றாகப் பராமரிக்கப்படுகின்றன என்பது அரசு சொன்ன காரணம். இரண்டும் உண்மை. ஆனால் அந்தப் பராமரிப்பைச் செய்யும் கைக்கும் வண்டியோடு சேர்ந்து வயதாகிறது. சக்கரத்தை உயரத் தூக்கிச் சோதிக்க எழுபது வயதுக்காரர் எத்தனை பேருக்கு முதுகு இடம் கொடுக்கும்?

விலக்கு இருந்தும் தாமாகவே கொண்டுவருபவர்கள் சிலர் உண்டு. அவர்களில் ஒருவருடைய டிரையம்ப் வண்டியின் பின்சக்கர பேரிங் ஆடியதால் தோல்வி போட்டேன். "நான் வரவே தேவையில்லையே, பதியாமல் விட்டுவிடக் கூடாதா?" என்று கேட்டார். சோதனையைத் தொடங்கிவிட்டால் முடிவைக் கணினியில் ஏற்றியே ஆக வேண்டும். வண்டி எண் தெரிந்த எவரும் அதை இணையத்தில் பார்க்கலாம். விற்கும்போது விலை இறங்கும் என்று முனகிக்கொண்டே வண்டியை வேனில் ஏற்றிப் போனார். புது பேரிங் போட்டு மறுசோதனைக்கு வந்தவர், பில்லைக் கொடுத்ததும் கேட்ட முதல் கேள்வி, அடுத்த ஆண்டுக்கு இப்போதே நாள் குறித்துவைக்க முடியுமா என்பதுதான்.