போலி மெமரி கார்டு: வெளிநாட்டு விற்பனையாளரிடம் முழுப் பணத்தையும் திரும்ப வாங்கிய விவரம்

சீனாவிலிருந்து ஆன்லைனில் வரவழைத்த 1 டிபி மைக்ரோ எஸ்டி கார்டு போலி. கொடுத்த பணம் முழுவதும் திரும்பக் கிடைத்தது. கிடைத்ததற்குக் காரணம் இரண்டுதான்: புகாரில் சரியான காரணத்தைத் தேர்ந்தெடுத்தது, கெடு முடிவதற்குள் ஆதாரத்தை ஏற்றியது.

இந்தக் கார்டுகளில் உள்ளே இருப்பது 32 ஜிபி போன்ற சின்ன சிப். அதை இயக்கும் கன்ட்ரோலரில் கொள்ளளவைப் பொய்யாக எழுதிவைப்பதால் போனும் கம்ப்யூட்டரும் 1 டிபி என்றே காட்டும். உண்மையான இடம் தீர்ந்ததும் புதிய தரவு பழையதன் மேல் எழுதப்படும், அல்லது எங்குமே பதியாமல் போகும். ஃபைல் பெயர்கள் மட்டும் வரிசையாகத் தெரியும்; திறந்தால் படம் பாதி சாம்பல் நிறம், வீடியோ ஓடாது. இது தெரியவரச் சில மாதங்கள் ஆகிவிடும். அதற்குள் புகார் செய்யும் காலம் முடிந்திருக்கும். விற்பவர்கள் நம்பியிருப்பதே இந்தத் தாமதத்தைத்தான். ஆகவே கார்டு வந்த அன்றே சோதிக்க வேண்டும்.

சோதிக்கும் மென்பொருள், விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 (F3). இரண்டும் இலவசம். கார்டைக் காலியாக வைத்து முழுக் கொள்ளளவுக்கும் சோதனையை ஓட்டுங்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ 1 ஜிபி ஃபைல்களாக எழுதி, பிறகு ஒவ்வொன்றையும் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். நொடிக்கு 20 எம்பி வேகத்தில் 1 டிபி எழுதவே ஏறக்குறைய 14 மணி நேரம், படிப்பது தனி. பாதியில் நிறுத்தினால் ஆதாரம் பலவீனமாகிவிடும். முடிவில் எத்தனை ஜிபி சரியாக இருக்கிறது, எவ்வளவு தொலைந்தது என்று தனித்தனியாக வரும். அந்தத் திரையைப் படமெடுங்கள். ஒன்று கவனிக்க வேண்டும்: அசல் 1 டிபி கார்டும் விண்டோஸில் 931 ஜிபி என்றுதான் தெரியும். அதை வைத்துப் புகார் கொடுத்தால் நிற்காது.

வாங்கிய தளத்தில் கொடுக்கும் புகாரில் 'போலி' என்ற காரணத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் கை போகும். ஆனால் போலி என்று நிரூபிக்கப் பிராண்டின் கடிதமோ நிபுணர் சான்றோ கேட்கக்கூடும். 'விவரித்தபடி பொருள் இல்லை' என்ற காரணத்துக்குச் சோதனை முடிவே போதும். எழுதியதும் சுருக்கமாகத்தான்: "விளம்பரத்தில் 1 டிபி. சோதனையில் சரியாக இருப்பது 29 ஜிபி. மீதி தரவு அழிகிறது. முழுத்தொகை வேண்டும்." எளிய ஆங்கிலத்தில் இந்த நான்கு வரி, சோதனைத் திரை, விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பார்சல் லேபிளோடு கார்டின் படம். விளம்பரப் பக்கத்தை முதலிலேயே எடுத்துவைத்துவிடுங்கள். புகார் போனதும் அதை மாற்றிவிடுவார்கள்.

அடுத்து வருவது பேரம். "கார்டை வைத்துக்கொள்ளுங்கள், 20 சதவீதம் தருகிறோம்" என்று ஆரம்பித்து 50 வரை ஏறும். பகுதித்தொகைக்கு ஒப்புக்கொண்டால் விவகாரம் அதோடு முடிந்ததாகக் கணக்கு. இதைவிட ஆபத்தானது, "புதுசு அனுப்பிவிட்டோம், புகாரை மூடிவிடுங்கள்" என்பது. பணம் செலுத்தும் சேவையான பேபாலில், மூடிய டிஸ்ப்யூட்டை (விற்பவர் மீதான முதல்கட்டப் புகாரை) திரும்பத் திறக்க முடியாது. எந்தப் பேச்சும் தளத்தின் மெசேஜ் பெட்டிக்குள்ளேயே நடக்கட்டும். வாட்ஸ்அப்புக்குக் கூப்பிட்டால் போக வேண்டாம்.

கெடுக்கள் இடத்துக்கு இடம் மாறும். ஈபேயில் பொருள் வந்து 30 நாள். விற்பவர் 3 வேலை நாளில் தீர்க்காவிட்டால் ஈபேயைத் தலையிடச் சொல்லலாம். பேபாலில் பணம் செலுத்தி 180 நாளுக்குள் டிஸ்ப்யூட் திறக்க வேண்டும், திறந்த 20 நாளுக்குள் அதைக் கிளெய்மாக (பேபாலே முடிவு சொல்லும் கட்டத்துக்கு) உயர்த்த வேண்டும். உயர்த்தாவிட்டால் தானாக மூடிக்கொள்ளும். பேசிக்கொண்டே இருந்து இந்த 20 நாளைத் தாண்ட வைப்பதுதான் விற்பவரின் வழக்கமான தந்திரம்.

பொருளைத் திருப்பி அனுப்பச் சொன்னால், தளத்தின் வழியாக வந்த லேபிளோ முகவரியோ இல்லாமல் அனுப்பாதீர்கள். டிராக்கிங் எண் இல்லாத தபால் எந்தக் கணக்கிலும் சேராது. போலிப் பொருளை அழித்துவிட்டு அத்தாட்சி காட்டும்படி பேபால் கேட்பதும் உண்டு. கேட்பதற்கு முன் கோபத்தில் கார்டை உடைத்துவிட வேண்டாம்.

தளமும் பேபாலும் கைவிட்டால், பணம் கட்டிய கிரெடிட் அல்லது டெபிட் கார்டைக் கொடுத்த வங்கியில் சார்ஜ்பேக், அதாவது அந்தக் கட்டணத்தைத் திரும்பப் பெற்றுத்தரக் கேட்பது. விசா கார்டுகளில் 'விவரித்தபடி இல்லை' என்ற காரணத்தின் எண் 13.3, 'போலிப் பொருள்' என்பதன் எண் 13.4, இரண்டுக்கும் பொதுவாக 120 நாள். 13.3-க்கு விற்பவரிடம் தீர்க்க முயன்றதையும் பொருளைத் திருப்பித்தர நீங்கள் முன்வந்ததையும் காட்ட வேண்டும். பழைய மெசேஜ்கள் இங்கேதான் உதவும். 13.4-க்குப் பிராண்டின் உரிமையாளர், சுங்கத்துறை அல்லது நடுநிலை நிபுணர் போலி என்று சொல்லியிருக்க வேண்டும். பேபால் கிளெய்மையும் சார்ஜ்பேக்கையும் ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள்; சார்ஜ்பேக் போனால் பேபால் தன் பக்கத்தை மூடிவிடும். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கிளையில் வாய்மொழியாகச் சொன்னது அங்கே செல்லாது.

சுங்க வரி கட்டியிருந்தால் அது திரும்பக் கிடைக்கும் தொகையில் சேராது. டாலரில் திரும்புவதால் ரூபாய்க் கணக்கில் கொஞ்சம் கூடவோ குறையவோ வரும். 'ரீஃபண்ட் முடிந்தது' என்று காட்டியும் ஸ்டேட்மென்டில் ஏறவில்லையென்றால், ஏஆர்என் என்ற 23 இலக்க எண்ணைக் கேட்டு வாங்கி வங்கியிடம் கொடுங்கள். அதை வைத்துப் பணம் எங்கே நிற்கிறது என்று அவர்களால் தேட முடியும்.