வெள்ளி ரூபாயும் பன்றி ரூபாயும்: எதற்குக் காசு கொடுக்கிறோம்?

பழைய காசு சேர்க்கிறவன் என்று ஒருமுறை வெளியே தெரிந்துவிட்டால் போதும், சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள். அதில் பாதிக்கு மேல் ஒரே காசுதான். தடிமனான செம்புக் காசு, ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம் அல்லது மலையைத் தூக்கிப் பறக்கும் அனுமார், மறுபக்கம் ஆங்கிலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி, தேதி 1818. சிலதில் 1616. கூடவே சித்தப்பாவின் கேள்வி: "தம்பி, இது எத்தனை லட்சம் போகும்?"

நூறு ரூபாய் யாராவது கொடுத்தால் யோசிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள் சித்தப்பா.

1616-ல் கம்பெனிக்காக இங்கிலாந்து மன்னர் அனுப்பிய தூதர் தாமஸ் ரோ, ஜஹாங்கீர் தர்பாரில் வியாபாரச் சலுகை கேட்டு நின்றுகொண்டிருந்தார். அந்த வருஷம் கம்பெனி அனுமார் படம் போட்டு 'ஒரு அணா' அடித்தது என்றால் ஜஹாங்கீரே சிரித்திருப்பார். கம்பெனியின் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே மாதிரி நாணயம் வந்ததே 1835-ல்தான். ராமர் பட்டாபிஷேகம் போட்ட பழைய கோயில் வில்லைகள் நிஜமாகவே உண்டு, பூஜையறையில் வைப்பதற்காகச் செய்தவை, அவற்றைச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவை செலவழிக்க அடித்த பணம் இல்லை, கம்பெனி பெயரும் அவற்றில் இருக்காது. இதே செம்புக் காசைத்தான் "அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது, கோடிக்கணக்கில் வாங்க வெளிநாட்டுக் கம்பெனி தயாராக இருக்கிறது" என்று சொல்லி நம் ஊரில் வருஷக்கணக்காக ஏமாற்றிக்கொண்டிருக்கிறார்கள். சோதனைக் கட்டணம், முன்பணம் என்று கறந்துவிட்டு ஆள் மறைந்துவிடுவான். வைஷ்ணோ தேவி படம் போட்ட 2012-ஆம் வருஷத்து 5 ரூபாய்க்கு லட்சங்கள் என்று வரும் வீடியோவும் இதே குடும்பம்தான். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில், தன் பெயரையும் முத்திரையையும் வைத்துப் பழைய நோட்டு, காசு வாங்குவதாகக் கமிஷன் கேட்கிறார்கள், நாங்கள் அந்த வேலையே செய்வதில்லை என்று அறிக்கையே விட்டது. அப்புறமும் படம் வருகிறது.

சரி, இதெல்லாம் பார்த்தவுடன் தெரிகிற போலி. தெரியாத போலிதான் நம் காசைத் தின்னும்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. ஒரு காசுக்கு இரண்டு விலை உண்டு. உருக்கினால் வரும் விலை ஒன்று, சேகரிப்பவர் கொடுக்கும் விலை இன்னொன்று. இந்த இரண்டும் ஒட்டி இருக்கும் காசில் போலி செய்கிறவன் உலோகத்தில்தான் கை வைப்பான். இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தால் நல்ல உலோகத்திலேயே போலி செய்வான், அப்போதும் அவனுக்கு லாபம்தான். ஆகவே முதலில் எந்த விலையைக் கொடுக்கிறோம் என்று தெரிய வேண்டும். அதற்கு ஏற்றபடிதான் சோதனை.

முதல் வகைக்கு வெள்ளி ரூபாயை எடுத்துக்கொள்வோம். விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ரூபாய் 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது ஏறக்குறைய 10.7 கிராம் சுத்த வெள்ளி. தேய்ந்த சாதாரணக் காசுக்கு வெள்ளி விலையும் அதற்கு மேல் கொஞ்சமும்தான் நியாயமான விலை. இதைப் போலவே முலாம் பூசி, தீபாவளி, கல்யாணச் சீர் என்று விற்பதற்காகப் புதிதாக அடித்த 'ராணிக் காசுகள்' ஏராளம். சிலதில் வெள்ளி இருக்கும், எவ்வளவு என்பது செய்தவனுக்குத்தான் வெளிச்சம்.

தேதியைப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை என்பதால் அதிலிருந்து ஆரம்பிக்கலாம். விக்டோரியா 'எம்ப்ரஸ்' என்ற பட்டத்தோடு வருவது 1877-லிருந்து, அதற்கு முன்னால் 'குயீன்' மட்டும்தான். எட்வர்டு ரூபாய் 1903 முதல் 1910 வரை. ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளி ரூபாய் 1911 முதல் 1922 வரை. 1930 தேதியில் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்றை யாராவது நீட்டினால் தராசை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. 1862 மட்டும் கொஞ்சம் விநோதம், அந்தத் தேதியை மாற்றாமலேயே 1874 வரை அடித்தார்கள், அதனால் அந்த வருஷக் காசு அங்கங்கே கிடைப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம்.

அப்புறம் காந்தம். வெள்ளி ஒட்டாது, உள்ளே இரும்பு வைத்து முலாம் பூசியது ஒட்டும். ஆனால் 1947 தேதியிட்ட ஆறாம் ஜார்ஜ் ரூபாய், பின்பக்கம் புலி நடந்து போவது, காந்தத்தில் ஒட்டினால்தான் அசல், ஏனென்றால் அது சுத்த நிக்கல். அதை "வெள்ளி ரூபாய்" என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு தொந்தரவு 1940 முதல் 1945 வரையிலான ரூபாய்கள். போர்க்காலத்தில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். எடை அதே 11.66 கிராம், உள்ளே வெள்ளி 5.83 கிராம்தான். காசு அசல், விலை போலி. விளிம்பைப் பாருங்கள், குறுக்குக் கோடுகளின் நடுவே ஒரு பள்ளம் சுற்றி ஓடும், கள்ளக்காசைத் தடுப்பதற்காகச் செய்தது. அது இருந்தால் பாதி வெள்ளி விலைக்கு மேல் உலோகத்துக்கென்று கொடுக்காதீர்கள்.

சுண்டிவிட்டு ஓசை கேட்பது பெரியவர்கள் வழி, நன்றாகத்தான் வேலை செய்யும், ஆனால் காது பழக வேண்டும். எனக்குப் பிடித்தது தண்ணீர்ச் சோதனை. 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். முதலில் காய்ந்த காசை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன பிளாஸ்டிக் டம்ளரில் காசு முழுகும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசைத் தையல் நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். குமிழி ஒட்டியிருந்தால் லேசாக ஆட்டி விரட்டுங்கள். இப்போது தராசு காட்டுவது காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. நல்ல ரூபாய் என்றால் 1.13 கிராம் பக்கம் நிற்கும், 11.66-ஐ அதால் வகுத்தால் 10.3, அதுதான் காசின் அடர்த்தி. பாதி வெள்ளிக் காசு 1.22 காட்டும். வெள்ளியே இல்லாத ஜெர்மன் சில்வரில் அதே எடைக்குச் செய்தது 1.34 பக்கம் போய்விடும். காசு தேய்ந்து 11.4 கிராம் ஆகியிருந்தாலும் பரவாயில்லை, வகுத்து வரும் எண் மாறாது. முலாம் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் இதில் மாட்டிக்கொள்ளும். நகைக்கடையின் எக்ஸ்ரே இயந்திரம் மேல்தோலைத்தான் படிக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த டம்ளரின் அருமை புரியும்.

காந்தி நூற்றாண்டுக்கு 1969-ல் வந்த 10 ரூபாய் வெள்ளிக் காசு நிறைய வீடுகளில் இருக்கும். 15 கிராம், 80 சதவீதம் வெள்ளி, ஆக 12 கிராம். அதையும் இதே மாதிரி பார்க்கலாம்.

இரண்டாவது வகை போலிக்கு டம்ளர் உதவாது. இங்கே உலோகம் சரியாக இருக்கும், கதைதான் பொய். என் செல்லக் காசு 1911 ரூபாய். ஜார்ஜ் மன்னர் போட்டிருக்கும் மேலங்கியில் ஒரு யானை உருவம் உண்டு. அதன் தும்பிக்கை ரொம்பக் குட்டையாக அமைந்து, பார்ப்பதற்குப் பன்றி மாதிரி இருக்கிறது என்று பெரிய எதிர்ப்பு கிளம்பி, வெளியே விட்டது போக மீதியை உருக்கிவிட்டார்கள். 1912-ல் தும்பிக்கை நன்றாகத் தெரியும்படி யானையைத் திருத்தி அடித்தார்கள். அதனால் 'பன்றி ரூபாய்க்கு' தனி விலை. தனி விலை வந்ததும் பின்னால் வந்த வருஷங்களின் கடைசி இலக்கத்தைச் சுரண்டி 1 ஆக்கும் கைகளும் வந்துவிட்டன. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் இலக்கத்தைப் பார்க்காதீர்கள், யானையைப் பாருங்கள். தேதி 1911, யானைக்குத் தும்பிக்கை நீளமாக இருக்கிறது என்றால், வெள்ளி அசல், தேதி பிறகு செய்தது. அதன் பிறகு இலக்கத்தைச் சுற்றியுள்ள பரப்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் சுரண்டிய தடம் தெரிந்துவிடும். 1939 ரூபாயும் கிடைப்பதற்கு அரிது, அதற்கும் விலை தாறுமாறு, ஆகவே அதையும் தெரிந்தவர் ஒருவர் பார்க்காமல் நான் வாங்க மாட்டேன். பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் தரச்சான்று போட்ட காசு என்றாலும் சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் அடித்து, அங்கே வரும் படத்தையும் கையில் இருக்கும் காசின் கீறல்களையும் ஒப்பிட்டுத்தான் நம்ப வேண்டும். பெட்டியையும் போலி செய்கிறார்கள்.

தங்கத்திலும் இதே கதைதான். சவரன் காசு 7.98 கிராம், 22 காரட், குறுக்களவு 22.05 மில்லிமீட்டர், தடிமன் 1.52. 1950-களில் தங்கத்தின் விலையை விடச் சவரன் காசின் விலை நன்றாக ஏறி நின்றபோது இத்தாலியில் சரியான தங்கத்திலேயே கள்ளச் சவரன் அடித்துத் தள்ளினார்கள். அதை முறியடிப்பதும் ஒரு காரணமாகத்தான் பிரிட்டிஷ் அரசு 1957-ல் மறுபடி சவரன் அடிக்க ஆரம்பித்தது. இந்த வகைப் போலியைத் தங்கமாக விற்றால் நஷ்டம் பெரிதாக இல்லை, அரிய காசு என்று வாங்கியவனுக்குத்தான் அடி. பம்பாயில் 1918-ல் மட்டும் அடித்த சவரன் உண்டு, 'ஐ' என்ற ஆங்கில எழுத்து அடையாளமாக இருக்கும். அதற்குத் தனி விலை சொல்பவரிடம் அந்த எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஏமாற்றுக்காரர்களின் சாம்பிள் காசு வித்தையையும் சொல்லிவிடுகிறேன். "பழைய வீடு இடிக்கும்போது கிடைத்தது அண்ணே, வெளியே சொன்னால் பிரச்சினை" என்று ஒரு காசைக் கையில் கொடுப்பார்கள். நீங்களே பத்தரிடம் கொண்டுபோய் உரசிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள். பத்தர் உரைகல்லில் தேய்த்து, ஆசிட் விட்டு, நல்ல மாற்று என்பார். அது உண்மைதான், அந்த ஒரு காசு தங்கம். மீதி ஒரு சொம்பு நிறைய இருப்பது பித்தளை. எல்லாமே தங்கமாக இருந்தாலும் நிலைமை மோசம்தான், 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் கிடைத்த, பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட எதையும் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும், அதை வாங்கி வைத்திருப்பது நமக்கு வம்பு.

கரூர் அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசு, சங்ககாலச் சதுரக் காசு எல்லாம் கிடைத்திருக்கின்றன என்பதால் அந்தப் பெயரைச் சொல்லி விற்கும் வார்ப்புக் காசுகளும் அதிகம். அச்சில் அடித்த காசில் கோடுகள் கூர்மையாக இருக்கும். வார்த்த காசில் எழுத்தின் ஓரம் சோப்பு கரைந்த மாதிரி மழுங்கி, மேற்பரப்பில் பொடிப்பொடித் துளைகள் தெரியும், விளிம்பில் இரண்டு பாதி சேர்ந்த கோடு சிலசமயம் இருக்கும். புதிதாக இறங்குகிறவர்கள் ராஜராஜன் பெயர் பொறித்த செம்புக் காசிலிருந்து தொடங்கலாம், தாராளமாகக் கிடைப்பதால் விலை குறைவு, விலை குறைவு என்பதால் போலி செய்கிறவனுக்கு அதில் ஆர்வமும் குறைவு. வாங்கும் முன் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் அசல் எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு தயவுசெய்து புளி போட்டோ விபூதி போட்டோ விளக்காதீர்கள். பளபளப்பு வரும், சேகரிப்பவர் கொடுக்கும் விலை போய்விடும்.

முதலீடு என்று கேட்டால் என் பதில் சுவாரஸ்யம் இல்லாதது. பணம் போட்டு வைக்க வேண்டும் என்றால் அரிய காசு வேண்டாம், தங்க ஈடிஎஃப் (தங்க விலையோடு ஏறி இறங்கும் நிதி) மாதிரி பங்குச்சந்தைக் கணக்கில் இருப்பது போதும், போலி என்ற பேச்சே இல்லை. தங்கப் பத்திரம் நன்றாக இருந்தது, 2024 பிப்ரவரிக்குப் பிறகு அரசு புதிதாக வெளியிடவில்லை. செல்போன் ஆப்களில் பத்து ரூபாய்க்கு விற்கும் டிஜிட்டல் தங்கம் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் கட்டுப்பாட்டுக்குள் வராது, அதனால் எனக்கு ஒட்டவில்லை. கையில் தங்கமாகத்தான் வேண்டும் என்பவர்கள் 24 காரட் காசு வாங்கலாம், ஆனால் செய்கூலி எவ்வளவு, திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பீர்கள் என்று வாங்கும் அன்றே கேட்டுவிடுங்கள். வங்கியில் வாங்கினால் சுத்தத்துக்குப் பயமில்லை, ஆனால் வங்கி அதைத் திரும்ப வாங்காது, இது நிறைய பேருக்கு விற்கப் போகும்போதுதான் தெரிகிறது. நகை என்றால் அதில் பொறித்திருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி என்ற ஹால்மார்க் அடையாளத்தை, அரசின் தரநிர்ணய அமைப்பு வைத்திருக்கும் பிஐஎஸ் கேர் ஆப்பில் அடித்துப் பாருங்கள், கடைக்காரர் முன்னாலேயே, கூச்சப்பட வேண்டாம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. நூறு வயது தாண்டிய காசு 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி தொல்பொருள், நாட்டை விட்டுக் கொண்டுபோகக் கூடாது. தாத்தாவின் விக்டோரியா ரூபாயைச் சிங்கப்பூர் மச்சானுக்கு நினைவாகக் கொடுத்தனுப்ப நினைத்தால் இங்கேயே வைத்திருந்து, அவர் ஊருக்கு வரும்போது காட்டுங்கள்.